முதிய ஆண் நாயின் புராஸ்டேட்டை மருந்து எப்படிச் சுருக்குகிறது?

காயடிக்கப்படாத ஆண் நாய்க்கு வயது ஏற ஏறப் புராஸ்டேட் சுரப்பி பெருப்பது அநேகமாகத் தவிர்க்க முடியாதது. மனிதருக்கு இந்த வீக்கம் சிறுநீர்ப் பாதையை நெரிக்கும். நாய்க்கோ சுரப்பி பெரும்பாலும் வெளிப்புறமாக வளர்ந்து மலக்குடலை அழுத்துவதால், முக்கி முக்கி மலம் கழிப்பதும், மலம் தட்டையாக வருவதும், ஆண்குறியின் நுனியில் இரத்தம் சொட்டுவதும்தான் கண்ணில் படும் அறிகுறிகள்.

இந்த வளர்ச்சியைத் தூண்டுவதில் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டீரோனைவிட வீரியம் மிக்கது, அதிலிருந்து உருவாகும் டைஹைட்ரோடெஸ்டோஸ்டீரோன். சுரப்பியின் செல்களில் உள்ள 5-ஆல்பா ரிடக்டேஸ் என்ற நொதி இந்த மாற்றத்தைச் செய்கிறது. அப்படிப் பிறந்த ஹார்மோன் செல்லுக்குள் ஆண் ஹார்மோனை ஏற்கும் புரதமான ஆண்ட்ரோஜன் ஏற்பியுடன் மிக இறுக்கமாக இணைந்து, செல்களைப் பெருகவும் பிழைத்திருக்கவும் செய்கிறது.

மருந்துகள் இந்தத் தொடரை வெவ்வேறு இடங்களில் அறுக்கின்றன. ஃபினாஸ்டரைடு அந்த நொதியை முடக்குகிறது. இரத்தத்தில் டெஸ்டோஸ்டீரோன் குறையாததால் விந்து உற்பத்தி தொடர்கிறது, ஆகவே இனப்பெருக்கத்துக்கு வளர்க்கப்படும் நாய்களுக்கு இதைத் தருவது பொருத்தமே. ஓசாட்டரோன் அசிடேட், சுரப்பியின் செல்களில் ஹார்மோன் செயல்படுவதைத் தடுக்கிறது. ஒரு வாரம் மாத்திரை கொடுத்தால் அதன் பலன் சில மாதங்கள் நீடிக்கிறது. தோலுக்கடியில் பதிக்கப்படும் டெஸ்லோரெலின் மூளையடிப் பிட்யூட்டரியை இடைவிடாது தூண்டி, இறுதியில் அதை மரத்துப்போகச் செய்து, விதைகளின் ஹார்மோன் உற்பத்தியையே நிறுத்துகிறது. தொடக்கத்தில் டெஸ்டோஸ்டீரோன் சற்று உயர்வதால், முதல் சில நாட்களில் அறிகுறிகள் கூடக்கூடும் என்பதை உரிமையாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

ஹார்மோன் இல்லாத சுரப்பிக்குள் நடப்பதுதான் வியப்புக்குரியது. திரவத்தைச் சுரக்கும் செல்கள் உணவின்றி வாடிச் சாவதில்லை. பிழைத்திருக்கச் சொல்லும் கட்டளை நின்றதும், தமக்குள் எழுதப்பட்டிருக்கும் மரணத் திட்டத்தைத் தாமே இயக்கி, மரபணு இழைகளைத் துண்டாக்கிக்கொண்டு ஒவ்வொன்றாக மறைகின்றன. இடையிலுள்ள தசையும் நாரும் பெரும்பாலும் எஞ்சுவதால், சுருங்கிய சுரப்பியில் அவற்றின் விகிதம் கூடுகிறது.

பெருத்த நாய்ப் புராஸ்டேட் விதை நீக்கத்தால் சுருங்குவதை 1940-இல் காட்டிய சார்லஸ் ஹக்கின்ஸ், புராஸ்டேட் புற்றுநோய்க்கான ஹார்மோன் சிகிச்சைக்காக 1966-இல் நோபல் பரிசின் ஒரு பாதியைப் பெற்றார். அவர் அந்நாளில் பயன்படுத்திய பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனை இன்று நாய்களுக்குத் தருவது தவறு என்றே கருதுகிறேன். அது எலும்பு மஜ்ஜையை அழித்துவிடலாம்.

மருந்தை நிறுத்தினால், ஹார்மோன் திரும்பி, சுரப்பி மீண்டும் வளரும். காயடிக்கும் அறுவை சிகிச்சை மட்டுமே நிரந்தரத் தீர்வு. மனிதரைப் போலன்றி, நாயின் புராஸ்டேட் புற்றுநோய் பெரும்பாலும் ஆண் ஹார்மோனைச் சார்ந்திருப்பதில்லை. காயடித்த நாய்க்கும் அது வருகிறது. ஆகவே மருந்து கொடுத்தும் சுருங்காத சுரப்பியையும், காயடித்த நாயிடம் பெருத்திருக்கும் சுரப்பியையும் ஸ்கேன் எடுத்து, தேவைப்பட்டால் திசு மாதிரியையும் உடனே சோதிக்க வேண்டும்.