ஹெர்பிஸ் பாசிட்டிவ் என்று ஒரு காகிதம்

"கல்யாணத்துக்கு இன்னும் 19 நாள்தான் இருக்கு டாக்டரம்மா" என்று சொல்லிவிட்டுத்தான் அந்தத் தம்பி உட்கார்ந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல். உள்ளே ஒரு கல்யாணப் பத்திரிகை, ஒரு ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட். ரிப்போர்ட்டில் ஒரு வரிக்கு மஞ்சள் மை பூசியிருந்தார்: ஹெச்.எஸ்.வி. 1 மற்றும் 2 ஐஜிஎம், 1.32, பாசிட்டிவ். ஹெச்.எஸ்.வி. என்பது ஹெர்பிஸ் வைரஸ், 1, 2 என்பவை அதன் இரண்டு வகைகள். கல்யாணத்தை நிறுத்திவிடலாமா என்று கேட்கத்தான் வந்திருந்தார்.

புண் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். புண் இல்லை. கொப்புளம்? அதுவும் இல்லை, ஒருநாளும் வந்ததில்லை. நான்கு மாதமாகத் தொடையிடுக்கில் அரிப்பு, அவ்வளவுதான். ராத்திரி தூக்கம் வராமல் போனில் தேடியிருக்கிறார். இரண்டு நாளில் வீட்டுக்கே ஆள் வந்து ரத்தம் எடுத்துப் போயாயிற்று. இடையில் ஒரு டாக்டர்கூட அந்த இடத்தைப் பார்க்கவில்லை.

நான் பார்த்தேன். படர்தாமரை. மெடிக்கலில் வாங்கிய ஸ்டீராய்டு கலந்த ட்யூபைத் தடவித் தடவி, வளையத்தின் ஓரம் மங்கி, அடையாளமே தெரியாத அளவுக்குப் பரவியிருந்தது. பூஞ்சை நோய். ஹெர்பிஸுக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை.

தோல் மற்றும் பால்வினை நோய் மருத்துவராக இருபது ஆண்டை நெருங்குகிறேன். முன்பெல்லாம் புண்ணோடு வருவார்கள், பரிசோதனைக்கு அனுப்புவேன். இப்போது பரிசோதனையோடு வருகிறார்கள், நான் புண்ணைத் தேடுகிறேன். (இங்கே வருகிறவர்களின் ஊர், வயது, தொழில் எல்லாவற்றையும் மாற்றியிருக்கிறேன்.)

முதலில் அந்த ஐஜிஎம். கிருமிக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் எதிர்ப்புப் புரதங்களில் ஒரு வகை அது. ஐஜிஎம் இருந்தால் புதுத் தொற்று என்று நாங்கள் எல்லோரும் காலேஜில் படித்தவர்கள்தான். வேறு சில நோய்களுக்கு அது சரி. ஹெர்பிஸில் சரிவராது. பல வருடப் பழைய தொற்று மறுபடி தலைதூக்கும்போதும் ஐஜிஎம் வரும். அதே குடும்பத்து வைரஸ்கள், அதாவது சின்னம்மை, அக்கி போன்றவற்றைக் கொடுப்பவை, அவற்றுக்கான எதிர்ப்புப் புரதத்தையும் சில சமயம் இது ஹெர்பிஸ் என்று எண்ணிவிடும். முதல் வகையா இரண்டாம் வகையா என்றும் பிரித்துச் சொல்லாது. இந்தச் சோதனையைப் பயன்படுத்த வேண்டாம் என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி.யின் 2021 வழிகாட்டுதலே சொல்கிறது. ஆனாலும் நம் ஊரில் நின்றபாடில்லை. ஒரு காரணம் 'டார்ச்' பேனல். வயிற்றிலிருக்கும் குழந்தையைத் தாக்கக்கூடிய தொற்றுகளைத் தேட உருவான தொகுப்பு அது. அதிலிருந்து ஹெர்பிஸ் ஐஜிஎம்மை மட்டும் உருவி, ஆண் பெண் வித்தியாசமில்லாமல் எல்லோருக்கும் எழுதும் பழக்கம் வந்துவிட்டது. லேபை மட்டும் குறை சொல்ல மாட்டேன். சீட்டில் எழுதிக் கொடுப்பது எங்கள் ஆட்கள்தானே.

அடுத்தது ஐஜிஜி, எதிர்ப்புப் புரதத்தில் இன்னொரு வகை. இது கொஞ்சம் உருப்படியான சோதனை, ஆனால் படிக்கத் தெரிந்து படிக்க வேண்டும். 'ஹெச்.எஸ்.வி. 1 மற்றும் 2' என்று இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து ஒரே எண் போட்டிருந்தால், அந்த ரிப்போர்ட்டை மடித்து வைத்துவிடலாம். ஏனென்றால் முதல் வகை பாதிப் பேருக்கு மேல் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் 2020-க்கான மதிப்பீட்டில், 50 வயதுக்குட்பட்டவர்களில் 64 சதவீதம் பேர் அதைச் சுமக்கிறார்கள். சின்ன வயதில் யாரோ பாசமாகக் கொடுத்த முத்தத்தில் வந்திருக்கும். காய்ச்சல் வந்தால் உதட்டோரம் பொரிப்பொரியாகக் கிளம்புமே, அதுதான். பாசிட்டிவ் என்று வந்தால் வைரஸ் உடம்பில் இருக்கிறது என்று அர்த்தம். வாயிலா கீழேயா என்று ரத்தம் சொல்லாது. எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது என்றும் சொல்லாது. இது தெரியாமல் எத்தனை வீட்டில் விசாரணை நடந்திருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

பெரும்பாலும் பிறப்புறுப்பில் வரும் இரண்டாம் வகைக்கு ஐஜிஜி தனியாகப் பாசிட்டிவ் வந்தால்? அப்போதும் எண்ணைப் பார்க்க வேண்டும். பரவலாகப் பயன்படும் கிட்டுகளில் 0.9-க்குக் கீழே நெகட்டிவ், 1.1-க்கு மேலே பாசிட்டிவ். நடுவில் இருப்பது இரண்டும்கெட்டான். ஆனால் 1.1-ஐத் தாண்டி 3-க்குள் நிற்கும் 'பாசிட்டிவ்'களில் பல, உறுதிச் சோதனையில் நிற்பதில்லை. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2023-இல் இதைப் பற்றி மருத்துவர்களுக்குத் தனியாக எச்சரிக்கையே விட்டது. அறிகுறி இல்லாதவர்களுக்கு இந்தச் சோதனை வேண்டாம் என்று அங்குள்ள தடுப்பு மருத்துவக் குழு 2016-இலும், மறுபடி 2023-இலும் சொன்னது. நூற்றில் 15 பேருக்கு இரண்டாம் வகை இருக்கும் ஒரு கூட்டத்தைச் சோதித்தால், வரும் பாசிட்டிவ்களில் ஏறக்குறைய பாதி பொய்யாக இருக்கும் என்பது அவர்கள் போட்ட கணக்கு. உறுதிச் சோதனை என்று பேர்பெற்ற வெஸ்டர்ன் பிளாட், சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் செய்கிறார்கள். நம் ஊர்க்காரருக்கு அது நடக்கிற காரியமில்லை. அதனால் நான், எண் குறைவாக இருந்தால், வேறு கிட்டில் ஒரு தடவையும் 12 வாரம் கழித்து ஒரு தடவையும் பார்க்கச் சொல்கிறேன். கிட்டுக்குக் கிட்டு அளவுகோல் மாறும். இரண்டு லேபின் எண்களைப் பக்கத்தில் வைத்து 'ஏறியிருக்கிறது, இறங்கியிருக்கிறது' என்று பார்ப்பதில் பொருளில்லை.

நெகட்டிவுக்கும் ஒரு நிபந்தனை உண்டு. எதிர்ப்புப் புரதம் தெரிய சிலருக்கு 12 வாரம்வரை ஆகும். போன வாரம் நடந்ததற்கு இந்த வாரம் ரத்தம் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது.

சரி, அப்படியானால் எதை நம்புவது? புண்ணை. கொப்புளம் வந்த முதல் இரண்டு நாளுக்குள் அதை லேசாகக் கீறி, அடிப்பகுதியைப் பஞ்சுக்குச்சியால் துடைத்து எடுத்து பி.சி.ஆர். செய்தால், ஹெர்பிஸா இல்லையா, எந்த வகை என்று ஒரே அடியில் தெரிந்துவிடும். பி.சி.ஆர். வசதி இல்லாத இடத்தில் சாங்க் ஸ்மியர் என்று ஒன்று உண்டு. கண்ணாடித் தகட்டில் தேய்த்து, சாயம் போட்டு, மைக்ராஸ்கோப்பில் பல கருக்கள் ஒட்டிக்கிடக்கும் பெரிய செல்கள் தெரிகின்றனவா என்று பார்ப்போம். அரை மணி நேர வேலை, செலவும் குறைவு. வகை சொல்லாது, அக்கியா ஹெர்பிஸா என்றும் பிரிக்காது. இருந்தாலும் எதுவும் பார்க்காமல் ரத்தம் எடுப்பதைவிட எனக்கு அது மேல். பொருக்குத் தட்டிய பிறகோ, ஹெர்பிஸ் மருந்தான அசைக்ளோவிர் களிம்பை நான்கு நாள் தடவிய பிறகோ வந்தால் பி.சி.ஆர். கூட ஏமாற்றிவிடும். அப்போது வரும் நெகட்டிவ், இல்லை என்பதற்கு அத்தாட்சி ஆகாது.

அக்கி என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. இடுப்பைச் சுற்றிக் கொப்புளம் வந்த ஒரு பெரியவருக்குச் சீட்டில் 'ஹெர்பிஸ் ஜோஸ்டர்' என்று எழுதிக் கொடுத்தேன். குயவர் வீட்டில் காவியால் அக்கி எழுதிக்கொண்டு வந்தவர் அவர். மகன் அந்தப் பெயரில் பாதியைப் போனில் போட்டுப் பார்த்துவிட்டு, மறுநாள் வந்து, "எங்கப்பா இந்த வயசுல எங்க போனார்னு தெரியல மேடம்" என்றார். அக்கி பழைய சின்னம்மை வைரஸ். பெயர்தான் பங்காளி. இப்போதெல்லாம் சீட்டில் 'அக்கி' என்றே தமிழில் எழுதிவிடுகிறேன்.

ஹெர்பிஸுக்கு ஒரு நடை உண்டு. வருவதற்கு முன்னால் ஒரு நாள் குறுகுறுப்பு, ஊசி குத்துவது போல. அப்புறம் கொத்தாகச் சின்னக் கொப்புளங்கள், அவை உடைந்து புண், பொருக்கு, ஆறுதல். முதல் தடவை இரண்டு மூன்று வாரம் படுத்தும், காய்ச்சலும் நெறிகட்டலும் இருக்கலாம். அடுத்தடுத்த தடவை ஒரு வாரம், பத்து நாள். இரண்டாம் வகையாக இருந்தால் முதல் வருடத்தில் நான்கைந்து தடவை வரும். முதல் வகை அந்த இடத்தில் வந்தால் பெரும்பாலும் ஓரிரு தடவையோடு அடங்கிவிடும். ஆக, அது வரும், போகும். ஆறு மாதமாக ஒரு நாள் விடாமல் எரிகிறது, அரிக்கிறது என்றால், நான் ஹெர்பிஸைப் பட்டியலில் கடைசியில் வைப்பேன். (சிலருக்குக் கொப்புளமே இல்லாமல் பிளேடு கீறியது போல வெடிப்பாக மட்டும் வரும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதற்கும் வெடிப்பு வந்த அன்றே துடைத்து எடுத்துப் பார்ப்பதுதான் வழி.)

வந்து வந்து போகிற எல்லாமும் ஹெர்பிஸ் இல்லை. விற்பனைப் பிரதிநிதி ஒருவர், மாதத்தில் பாதி நாள் வெளியூர், ஓட்டல் சாப்பாடு. மூன்று வருடமாக ஆண்குறி முனையில் புண். வரும், ஆறும், இரண்டு மாதம் கழித்து மறுபடி. ஹெர்பிஸ் என்று சொல்லி ஒவ்வொரு தடவையும் அசைக்ளோவிர். அதுவாக ஆறியது, மாத்திரைக்குப் பேர் கிடைத்தது. மனைவி பேச்சை நிறுத்தி எட்டு மாதம். நான் பார்த்தபோது புண் ஆறியிருந்தது, ஆனால் அந்த இடத்தில் ரூபாய்க் காசு அளவுக்குக் கருஞ்சாம்பல் நிறத்தில் ஒரு வட்டம். ஒவ்வொரு தடவையும் இதே இடத்திலா? "அச்சு அசலா இதே இடம்தான் மேடம்." புண் வருவதற்கு முதல் நாள் என்ன மாத்திரை சாப்பிட்டீர்கள்? எதுவும் இல்லை என்றார். வெளியூரில் வயிறு சரியில்லாமல் போனால்? அதற்கு மெடிக்கலில் பேதியை நிறுத்த ஒரு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வாராம். அது அவர் கணக்கில் மாத்திரை இல்லை.

நார்ஃப்ளாக்சசினும் டினிடசோலும் சேர்ந்த மாத்திரை. ஃபிக்ஸட் ட்ரக் எரப்ஷன் என்பார்கள்: ஒரு மருந்து ஒத்துக்கொள்ளாமல், ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் தோல் வெந்துபோவது. அந்த இடத்துத் தோலில் தங்கிவிட்ட எதிர்ப்புச் செல்கள், மருந்து மறுபடி வந்ததும் சில மணி நேரத்தில், மிஞ்சினால் ஓரிரு நாளில் வேலையைக் காட்டும். உதடும் ஆண்குறி முனையும் இதற்குப் பிடித்த இடங்கள். கோட்ரைமாக்சசோல், டாக்சிசைக்ளின், வலி மாத்திரைகள், ஏன் பாராசிட்டமால்கூட இதைச் செய்யும். அந்த மாத்திரையை நிறுத்தியபின் அவருக்குப் புண் வரவில்லை. அடுத்த தடவை மனைவியையும் கூட்டிவரச் சொல்லி, மாத்திரை அட்டையை மேசைமேல் வைத்து இருவருக்கும் சேர்த்து விளக்கினேன்.

மற்றவற்றை வேகமாகச் சொல்கிறேன். முன்தோல் பிளேடு கீறியது போல வெடித்து, தயிர்த்திப்பி போலப் படிந்தால் முதலில் சர்க்கரை பார்க்கச் சொல்வேன். சர்க்கரை இருப்பதே எங்கள் ஓ.பி.யில்தான் பலருக்குத் தெரியவருகிறது. ஏற்கெனவே சர்க்கரைக்கு மாத்திரை எடுப்பவரா? டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீரில் தள்ளுபவை, அதனால் அந்த இடத்தில் ஈஸ்ட் பூஞ்சை கொண்டாட்டமாக வளரும். அது நல்ல மருந்துதான், நீங்களாக நிறுத்தாதீர்கள், எழுதியவரிடம் சொல்லுங்கள். ராத்திரி அரிப்பு அதிகம், விதைப்பையில் கட்டி கட்டியாக, வீட்டில் பிள்ளைகளும் சொறிகிறார்கள் என்றால் சிரங்கு. வீட்டில் எல்லோரும் ஒரே நாளில் மருந்து பூச வேண்டும். பயத்தில் நாளுக்கு நான்கு தடவை டெட்டால் போட்டுக் கழுவி எரிச்சலை வரவழைத்துக்கொண்டவர்கள் தனிக்கூட்டம். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு வெளுத்துச் சுருங்கிய தோலோடு அரிப்பு இருந்தால் லைக்கன் ஸ்கிளிரோசஸ் ஆக இருக்கலாம், அதை 'வயசாச்சு, உடம்பு சூடு' என்று விடக்கூடாது. சரியாகக் கவனிக்காவிட்டால் சிலருக்குப் பிற்காலத்தில் புற்றுநோயாக மாறும். குறிமுனையைச் சுற்றி வரிசையாக முத்து முத்தாக இருப்பது இயல்பான அமைப்பு, நோய் இல்லை. அதைக் கிள்ளாதீர்கள்.

உண்மையிலேயே ஹெர்பிஸ் என்றால்? அரசு மருத்துவமனைகளின் பால்வினை நோய்ப் பிரிவில் சிவப்பு நிற கிட் 5 இலவசமாகக் கிடைக்கும், அசைக்ளோவிர் ஏழு நாளைக்கு. வைரஸ் நரம்பு முடிச்சில் தங்கிவிடும், முழுதாக வெளியேற்ற மருந்தில்லை, ஆனால் அடிக்கடி வந்தால் தினசரி மாத்திரையால் அடக்கலாம். புண் இல்லாத நாளிலும் பரவலாம். ஆணுறை ஆபத்தைக் குறைக்கும், முழுதாகத் தடுக்காது. கல்யாணம், குழந்தை எதற்கும் இது தடையில்லை. கர்ப்பிணிகள் மட்டும் பிரசவ டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். பழைய தொற்றால் குழந்தைக்கு வரும் ஆபத்து மிகக் குறைவு. கடைசி மூன்று மாதத்தில் புதிதாகத் தொற்றினால்தான் பெரிய கவலை.

அந்தத் தம்பிக்குப் பூஞ்சை மருந்து எழுதினேன். முன்பு ஒரு தடவை பாதுகாப்பில்லாத உறவு இருந்ததாகச் சொன்னார். அதற்கு வேண்டியது ஹெர்பிஸ் ஐஜிஎம் இல்லை, ஹெச்.ஐ.வி.யும் சிபிலிஸும். அரசின் ஹெச்.ஐ.வி. பரிசோதனை மையமான நம்பிக்கை மையத்துக்கு அனுப்பினேன், காசில்லை, ரகசியம் காப்பார்கள். இரண்டும் நெகட்டிவ். கல்யாணம் சொன்ன தேதியில் நடந்தது.

எல்லாருக்கும் இப்படி முடிவதில்லை. கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு ஆசிரியை வந்தார். ஒன்றரை வருடமாகப் பிறப்புறுப்பில் எரிச்சல், உட்கார முடியாது. புண் இல்லை, வெள்ளைப்படுதல் இல்லை, சர்க்கரை இல்லை. நான்கு தடவை ஐஜிஜி பார்த்து நான்கும் நெகட்டிவ். ஐந்தாவதும் பார்க்கலாமா என்றார். "ஹெர்பிஸ்னாவது சொல்லிடுங்க டாக்டரம்மா, ஒரு பேராவது கிடைக்கும். எல்லாரும் மனசுலதான் இருக்குன்னு சொல்றாங்க."

பஞ்சுக்குச்சியால் மெதுவாகத் தொட்டுப் பார்த்தேன். பிறப்புறுப்பு வாசலில், கீழ்ப்பக்கம் ஒரு குறிப்பிட்ட இடத்தில் தொட்டதும் துள்ளினார். பேர் இருக்கிறது என்றேன்: வல்வோடைனியா. மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும், வேறு காரணம் தட்டுப்படாத வலி. மனசில் இல்லை, நரம்பிலும் இடுப்படித் தசையிலும் இருக்கிறது. தடவிக்கொண்டிருந்த ஆறு களிம்புகளையும் நிறுத்தினோம். வெறும் தண்ணீரில் கழுவுவது, மரத்துப்போகச் செய்யும் ஜெல், ராத்திரி குறைந்த அளவில் அமிட்ரிப்டிலின், இடுப்படித் தசைக்குப் பிசியோதெரபி. இது மனநோய் மாத்திரையாச்சே என்று மெடிக்கலில் கேட்டார்களாம். இந்த அளவில் அது நரம்பு வலிக்கு என்று ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்தேன்.

ஏழு மாதம் ஆகிறது. முழுதாகப் போகவில்லை. வலிக்குப் பத்துக்கு எட்டு என்று சொன்னவர் இப்போது மூன்று என்கிறார். போன மாதம் வந்தபோது, மதுரைவரை பஸ்ஸில் உட்கார்ந்தே வந்ததாகச் சொன்னார், ஜன்னல் சீட்டில்.