இண்டி: விநியோக வழியின் பெயர் இசைவகையின் பெயரான கதை

2007 ஏப்ரல் 23 அன்று, ஷெஃபீல்டு நகரத்தைச் சேர்ந்த ஆர்க்டிக் மங்கீஸ் குழுவின் இரண்டாவது ஆல்பமான 'ஃபேவரிட் வொர்ஸ்ட் நைட்மேர்' பிரிட்டனில் வெளியானது. அடுத்த ஆண்டு ஏப்ரலில், பிரைட்டன் நகரத்துக் குழுவான த கூக்ஸ் தன் இரண்டாவது ஆல்பமான 'கான்க்'கை வெளியிட்டது. இரண்டும் பிரிட்டிஷ் ஆல்பம் தரவரிசையில் முதலிடத்தைப் பிடித்தன; இரண்டுக்கும் இன்றுவரை 'இண்டி ராக்' என்ற பெயரே வழங்குகிறது. ஆனால் முன்னதை வெளியிட்டது லண்டனில் 1993இல் சிறிய அளவில் தொடங்கப்பட்ட டொமினோ நிறுவனம். பின்னதை வெளியிட்டது, 1992 முதல் இஎம்ஐ என்ற பெரு நிறுவனத்தின் உடைமையாக இருந்த வர்ஜின். 'இண்டி' என்பது 'இண்டிபெண்டன்ட்' என்பதன் சுருக்கம் என்றால், இஎம்ஐயின் வரவுசெலவுக் கணக்கில் உருவான ஓர் ஆல்பம் எதைச் சாராமல் நின்றது என்ற கேள்வி எழுகிறது. இந்தச் சொல்லுக்குத் தமிழில் நிகர் தேடும் எவரும் முதலில் இந்தக் கேள்விக்கு விடை காண வேண்டும்.

வேர் எளிது. இலத்தீனில் 'பெண்டேரே' என்றால் தொங்குதல். ஒன்றைப் பற்றித் தொங்கிக்கொண்டிருக்கும் நிலையே 'டிபெண்டன்ட்', அப்படித் தொங்காத நிலை 'இண்டிபெண்டன்ட்'. அந்த நெடுஞ்சொல்லை நறுக்கி, செல்லப்பெயர்களுக்குச் சேர்ப்பதுபோல் ஓர் இகர ஈறு சேர்த்து 'இண்டி' ஆக்கியவர்கள் அமெரிக்கத் திரைப்படத் தொழிலைச் சேர்ந்தவர்கள். பெரிய ஸ்டுடியோக்களுக்கு வெளியே படமெடுத்த தயாரிப்பாளர்களைக் குறிக்க 1920களின் இறுதியில் அச்சில் தோன்றிய இச்சொல், 1940களில் இசைத்தட்டு நிறுவனங்களுக்கும் பரவியது. ஆக, பிறந்த இடத்தில் இது ஒரு வணிகச் சொல். படம் எப்படி இருக்கிறது, பாட்டு எப்படி ஒலிக்கிறது என்பதோடு அதற்குத் தொடர்பு இல்லை.

பிரிட்டனில் இச்சொல்லுக்கு உயிர் கொடுத்தது 1970களின் பிற்பகுதியில் எழுந்த பங்க் என்ற கரடுமுரடான ராக் இசை. மான்செஸ்டரின் பஸ்காக்ஸ் குழு 500 பவுண்டு கடன் வாங்கி, 'நியூ ஹார்மோன்ஸ்' என்று தானே ஒரு நிறுவனப் பெயரும் வைத்துக்கொண்டு, 'ஸ்பைரல் ஸ்கிராட்ச்' என்ற நான்கு பாடல் இசைத்தட்டை 1977 ஜனவரியில் 1,000 படிகள் அச்சிட்டு வெளியிட்டது. அது விற்றுத் தீர்ந்து மீண்டும் மீண்டும் அச்சானதைக் கண்ட பிற குழுக்களுக்கு, பெரிய நிறுவனத்தின் வாசலில் காத்திருக்க வேண்டியதில்லை என்ற துணிச்சல் பிறந்தது. ஆனால் இசைத்தட்டை அச்சிடுவது பாதி வேலைதான். அதை நாடெங்கும் உள்ள கடைகளுக்குக் கொண்டு சேர்ப்பது மீதிப் பாதி. லாரிகளும் கிடங்குகளும் விற்பனைப் பிரதிநிதிகளும் பெரு நிறுவனங்களிடம் இருந்தன. 1976இல் லண்டனின் நாட்டிங் ஹில் பகுதியில் ஜெஃப் டிராவிஸ் தொடங்கிய ரஃப் டிரேட் என்ற இசைத்தட்டுக் கடை, இரண்டே ஆண்டுகளில் வெளியீட்டு நிறுவனமாகவும் வளர்ந்து, பிற்பாடு பல ஊர்க் கடைகளை இணைத்து 'கார்ட்டெல்' என்ற மாற்று விநியோக வலையையும் உருவாக்கியது. இந்தக் கிடங்கும் லாரியும்தான் 'இண்டி' என்ற சொல்லுக்கு பிரிட்டனில் கிடைத்த முதல் துல்லியமான பொருள்.

1980 ஜனவரியில் தொடங்கிய இண்டி தரவரிசை இதையே விதியாக்கியது. ஓர் இசைத்தட்டு பெரு நிறுவனங்களின் விநியோக வழியைத் தொடாமல் கடைக்கு வந்தால் அது இண்டி, தொட்டால் இல்லை. நிறுவனம் யாருடையது, பாட்டு எந்த வகை என்ற கேள்விகள் விதியில் இல்லை. அதன் விளைவு வேடிக்கையானது. 1980களின் இறுதியில் ஆஸ்திரேலியப் பாடகி கைலி மினோக்கின் துள்ளல் நடனப் பாடல்கள், அவற்றை வெளியிட்ட பிடபிள்யூஎல் நிறுவனம் சார்பற்ற விநியோகஸ்தரைப் பயன்படுத்திய ஒரே காரணத்தால், இண்டி தரவரிசையின் உச்சியில் நின்றன. கிதாரை அணைத்துக்கொண்டு சோகம் பாடிய இளைஞர்களுக்கு இது எவ்வளவு எரிச்சலூட்டியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம். பெரு நிறுவனங்களும் இந்த ஓட்டையைக் கண்டுகொண்டு, புதிய பெயர்களில் சிறு நிறுவனங்களைத் தொடங்கி, வெளி விநியோகஸ்தர் வழியே சரக்கை அனுப்பித் தரவரிசையில் நுழைந்தன. 2009 ஜூனில்தான் விதி மாறியது: விநியோக வழி எதுவானாலும், வெளியிடும் நிறுவனத்தின் பங்கில் குறைந்தது 50 விழுக்காடு பெரு நிறுவனம் அல்லாதவரிடம் இருக்க வேண்டும் என்றானது.

இதற்கிடையே சொல் தன் போக்கில் வேறு பொருளை ஈட்டிக்கொண்டது. சிறு நிறுவனங்களிடம் பணம் குறைவு. எனவே ஒலிப்பதிவில் பகட்டு குறைவு, கிதார் மிகுதி, குரலில் கூச்சம் கலந்த நேர்மை. 1986இல் என்எம்இ என்ற பிரிட்டிஷ் இசை இதழ் தொகுத்த 'சி86' என்ற கேசட், அப்படிப்பட்ட 22 குழுக்களின் பாடல்களை ஒன்றாக அடுக்கியபோது, 'இண்டி' என்றாலே மெல்லிய, கலகலக்கும் கிதார் ஒலி என்ற எண்ணம் நிலைபெற்றது. அதிலிருந்து, வணிக ஏற்பாடு எதுவாக இருந்தாலும் இந்த ஒலிமரபில் வருவோரை 'இண்டி' என்பது வழக்கமாயிற்று. 'கான்க்' இண்டி ராக் ஆனது இந்த வழியில்தான்.

இரண்டு பொருள்களும் எங்கே உரசுகின்றன என்பதைக் காண இரண்டாவது ஆல்பம் மிகவும் ஏற்ற இடம் என்று எனக்குத் தோன்றுகிறது. முதல் ஆல்பத்தின்போது ஒரு குழுவுக்கு வேறு வழி இல்லாமலும் இருக்கலாம். அது வென்ற பிறகே பெரு நிறுவனங்கள் காசோலையுடன் வந்து நிற்கின்றன. த ஸ்மித்ஸ் குழு தன் இரண்டாவது ஸ்டுடியோ ஆல்பத்தையும் ரஃப் டிரேடு வழியே 1985 பிப்ரவரியில் வெளியிட்டு, நாட்டின் பொதுத் தரவரிசையிலேயே முதலிடம் பெற்றது. த ஸ்டோன் ரோசஸ் குழுவோ 1989இல் முதல் ஆல்பத்தை வெளியிட்ட சில்வர்டோன் நிறுவனத்துடன் வழக்காடி, அந்த ஒப்பந்தம் நியாயமற்றது என்று 1991இல் நீதிமன்றத் தீர்ப்புப் பெற்று, அமெரிக்கப் பெரு நிறுவனமான கெஃபனிடம் சென்றது. இரண்டாவது ஆல்பம் 1994 டிசம்பரில்தான் வந்தது. கிளாஸ்கோவின் ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்ட் கதை இன்னும் விநோதம். 2005 அக்டோபரில் வெளியான அதன் இரண்டாவது ஆல்பம் பிரிட்டனில் டொமினோவின் வெளியீடு. அமெரிக்காவில் சோனியின் கிளையான எபிக்குடன் சேர்ந்த வெளியீடு. ஒரே ஆல்பம், ஒரே பாடல்கள். அட்லாண்டிக்கைக் கடந்தவுடன் முதற்பொருளில் அது இண்டி அல்லாததாகிவிடுகிறது.

ஆர்க்டிக் மங்கீஸ் குழுவின் கதை இவற்றுள் தெளிவானது. தொடக்கத்தில் நிகழ்ச்சிகளுக்கு வந்தவர்களுக்குத் தம் பாடல்களை சிடியில் பதிந்து இலவசமாகக் கொடுத்தார்கள். அவற்றை ரசிகர்கள் இணையத்தில் பகிர்ந்ததால், ஒப்பந்தம் எதுவும் இல்லாதபோதே அரங்குகள் நிறைந்தன. பல நிறுவனங்கள் தேடி வந்தும் 2005இல் அவர்கள் டொமினோவையே தேர்ந்தெடுத்தார்கள். 2006 ஜனவரியில் வந்த முதல் ஆல்பம் முதல் வாரத்திலேயே 3,60,000 படிகளுக்கு மேல் விற்று, பிரிட்டனில் அதுவரை எந்த அறிமுக ஆல்பமும் எட்டாத வேகத்தைக் காட்டியது. அந்த வெற்றிக்குப் பின் ஆண்டி நிக்கல்சன் விலகி, பேஸ் கிதாருக்கு நிக் ஓமாலி வந்தார். ஆனால் நிறுவனம் மாறவில்லை. பதினைந்தே மாத இடைவெளியில், ஜேம்ஸ் ஃபோர்டும் மைக் கிராஸியும் தயாரித்த இரண்டாவது ஆல்பம் வந்தது. முதல் வார விற்பனை 2,25,000 படிகளுக்கு மேல். பாடல் தரவிறக்கங்களைக் கணக்கிடும் விதி அவ்வாண்டு தொடக்கத்தில்தான் தளர்த்தப்பட்டிருந்ததால், ஆல்பத்தின் 12 பாடல்களும் தனித்தனியே நாட்டின் முதல் 200 பாடல்களுக்குள் நுழைந்தன.

வணிகப் பொருளில் இது ஐயமற்ற இண்டி. ஆனால் இரண்டாம் பொருளில்தான் இந்த ஆல்பம் சற்று முரண்டு பிடிக்கிறது. முதல் பாடலான 'பிரையன்ஸ்டார்ம்' மேட் ஹெல்டர்ஸின் இடைவிடாத டிரம்ஸ் அடியோடு தொடங்குகிறது. சி86 கேசட்டின் மெல்லிய கிதாருக்கும் இந்தப் புயலுக்கும் ஒலியளவில் உறவு மிகக் குறைவு. இறுதிப் பாடலான '505' ஆர்கன் இசையில் தணிந்து தொடங்கி, கடைசி நிமிடங்களில் கிதார்களும் டிரம்ஸும் ஒன்றாக வெடிக்கும்படி வளர்கிறது. வடஇங்கிலாந்துப் பேச்சு வழக்கை மாற்றாமல் குழுவின் பாடகர் அலெக்ஸ் டர்னர் எழுதிய வரிகளும், நால்வர் ஓர் அறையில் நின்று வாசிப்பது போன்ற இறுக்கமும் இருப்பதால் 'இண்டி ராக்' என்ற பெயர் இதற்கும் பொருந்திவிடுகிறது. இசைவகைப் பெயர்கள் எல்லாம் இப்படித்தான். எல்லைக்கோடு அழிந்த பிறகும் பெயர்ப்பலகை நிற்கும்.

இனித் தமிழ் நிகருக்கு வருவோம். இலத்தீன் தொங்குவதாகக் கண்ட உறவைத் தமிழ் சாய்ந்து நிற்பதாகக் காண்கிறது. எனவே 'சார்' என்ற வினையடியே நமக்கு இயல்பான தொடக்கம். 'சார்பற்ற' என்றால் 'மதச்சார்பற்ற' என்பதில் போல ஒரு பக்கம் சாயாத நடுநிலை என்ற பொருள் முந்திக்கொள்கிறது. தமிழ்வழிக் கணக்குப் பாடத்தில் 'சாரா மாறி' என்று படித்தவர்களுக்குச் 'சாரா' பழகிய சொல்தான். ஆயினும் எதைச் சாராதது என்று முன்னே ஒரு சொல் வந்தால்தான், 'அரசு சாரா' என்பது போல, அது நிறைவடையும். 'சுயேச்சை' பொருளால் மோசமில்லை, கட்சிச் சீட்டு இல்லாமல் நிற்கும் வேட்பாளருக்கும் பெரு நிறுவன ஒப்பந்தம் இல்லாத குழுவுக்கும் ஒப்புமை உண்டு. ஆனால் 'சுயேச்சைக் குழு' என்றதும் படிப்பவர் தேர்தல் சின்னத்தைத் தேடத் தொடங்குவார். 'சுதந்திர இசை' ஆகஸ்ட் மாதத்து நிகழ்ச்சி நிரல் போல் ஒலிக்கும். 'தன்னிச்சை'க்கு யாரையும் கேளாத எதேச்சை என்ற குறைநிழல் உண்டு.

இன்று பரவலாக வழங்குவது 'சுயாதீனம்'. இலங்கையில் சுயாதீன ஊடகவியலாளர், சுயாதீன ஆணைக்குழு என்று நெடுநாள் புழங்கிய இச்சொல், தமிழகத்திலும் சுயாதீனத் திரைப்படம், சுயாதீன இசைக்கலைஞர் என்று வேரூன்றிவிட்டது. வடமொழிச் சொல் என்பதைத் தவிர இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தனித்தமிழில் வேண்டுவோர்க்குத் 'தற்சார்பு' இருக்கிறது. தன்னைத் தானே சார்ந்திருத்தல் என்று விரியும் இச்சொல் வேளாண்மையிலும் பொருளாதாரத்திலும் முன்பே பழகியது. 'தற்சார்பு இசை நிறுவனம்' என்றால் டொமினோவின் நிலை அப்படியே விளங்கும். தமிழகத்தில் 'தனியிசை' என்றொரு வழக்கும் உண்டு. ஆனால் அங்கே விலகி நிற்பது திரைப்படத்திலிருந்து, பெரு நிறுவனத்திலிருந்து அன்று. பெரிய நிறுவனமே வெளியிட்டாலும் படத்தில் வராத பாட்டு தனியிசைதான், பேச்சில் அது 'ஆல்பம் பாட்டு'. அந்தச் சொல்லை ஷெஃபீல்டு குழுவுக்குப் பொருத்தினால் பொருள் தடம் மாறிவிடும்.

என் பரிந்துரை, இரண்டு பொருளுக்கும் ஒரே நிகரைத் திணிக்காதிருப்பது. நிறுவனத்தையும் வெளியீட்டு முறையையும் சொல்லும்போது 'தற்சார்பு' அல்லது 'சுயாதீன' என்க. இசைவகையைச் சொல்லும்போது ராக், ஜாஸ், பங்க் போன்று இதையும் பெயராகவே கொண்டு 'இண்டி ராக்' என்க. அப்படியானால் 'ஃபேவரிட் வொர்ஸ்ட் நைட்மேர்' தற்சார்பு நிறுவனம் ஒன்று வெளியிட்ட இண்டி ராக் ஆல்பம். 'கான்க்' இண்டி ராக் ஆல்பம், ஆனால் தற்சார்பு வெளியீடு அன்று. கைலி மினோக்கின் 1988ஆம் ஆண்டுப் பாடல்கள் தற்சார்பு வெளியீடுகள், ஆனால் இண்டி இசை அல்ல. மூன்று தொடர்களும் குழப்பமின்றி நிற்கின்றன.

எழுத்துமுறை குறித்து ஒரு குறிப்பு. டகரத்துக்கு முன் தமிழில் இயல்பாக வரும் மெல்லின மெய் ணகரமே ஆதலால் 'இன்டி' என்பதைவிட 'இண்டி' என்பதே ஏற்றது. சில நாளேடுகள் 2023 முதல் ஓர் அரசியல் கூட்டணியையும் இதே வடிவத்தில் எழுதுவதால், சொல்லைத் தனியே விடாமல் இண்டி ராக், இண்டி இசை, இண்டி தரவரிசை என்று ஒரு பெயரோடு சேர்த்தே எழுதுவது நல்லது.