ஃபிஃப்த் வீல்: சுழல்தட்டும் முன்பாரமும்

அமெரிக்காவில் பிக்கப் வண்டியின் பின்தொட்டிக்குள் இணைப்பைப் பொருத்தி இழுத்துச் செல்லும், உள்ளே வீடு போல் தங்கக்கூடிய பெரிய இழுவண்டியை 'ஃபிஃப்த் வீல்' என்கிறார்கள். இதை 'ஐந்தாம் சக்கரம்' என்று தமிழாக்கினால், படிப்பவர் வண்டிக்கு அடியில் இல்லாத சக்கரத்தைத் தேட வேண்டியிருக்கும். நான்கு சக்கரக் குதிரை வண்டியில் முன் அச்சு இடமும் வலமும் திரும்புவதற்காக அதன்மேல் கிடையாக வைத்த இரும்பு வளையத்துக்கே முதலில் இப்பெயர் வழங்கியது. தரையைத் தொடாவிட்டாலும் வட்டமாக இருந்ததால் அதுவும் ஒரு சக்கரமாக எண்ணப்பட்டது. லாரிகள் வந்தபோது அந்த வளையம் மசகு பூசிய, பிளவுள்ள தட்டாக மாறியது. இழுவண்டியிலிருந்து கீழ்நோக்கி நிற்கும் 2 அங்குல விட்டமுள்ள முளை அந்தப் பிளவில் நுழைந்து பூட்டிக்கொள்கிறது. ஆகவே, கருவிக்குச் 'சுழல்தட்டு' என்றும் வண்டிக்குச் 'சுழல்தட்டு இழுவண்டி' என்றும் சொல்வதே பொருந்தும்.

பெயரைவிடப் பெரிய குழப்பம் எடை வரம்புகளில்தான் இருக்கிறது. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வரும் 'டோயிங் கெபாசிட்டி' என்பது இழுதிறன். 'பேலோடு' என்பது ஏற்றுதிறன், அதாவது வண்டி தன்மேல் சுமக்கக்கூடிய எடை. பின் பம்பருக்கு அருகில் மாட்டும் சாதாரண இழுவண்டி தன் எடையில் 10 முதல் 15 விழுக்காட்டை இழுக்கும் வண்டியின்மேல் சாய்க்கும் என்றால், சுழல்தட்டு இழுவண்டி 15 முதல் 25 விழுக்காடு வரை சாய்க்கும். இந்த எடையை ஆங்கிலத்தில் 'பின் வெயிட்' என்பர். அதற்குப் புதுச்சொல் ஆக்க வேண்டியதில்லை. மாட்டு வண்டியில் மூட்டைகளை முன்பக்கம் கூட்டி அடுக்கினால் நுகத்தடி வழியே மாட்டின் கழுத்தில் இறங்கும் சுமையை நம் வண்டிக்காரர்கள் 'முன்பாரம்' என்றார்கள், இதுவும் அதுவேதான்.

10,000 பவுண்டு இழுவண்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். 20 விழுக்காடு என்று வைத்தால் முன்பாரம் 2,000 பவுண்டு. சுழல்தட்டுக்கு 150, பயணிக்கும் இருவரும் அவர்கள் சாமானும் 450 என்று கூட்டினால் 2,600 ஆகிறது. ஓட்டுநர் பக்கக் கதவுத் தூணில் ஒட்டியுள்ள சீட்டில் ஏற்றுதிறன் 1,800 என்று இருந்தால், இழுதிறன் 11,000 என்று விளம்பரம் சொன்னாலும் அந்த வண்டி இதற்கு ஆகாது. அரை டன் சுமக்கும் பிக்கப் என்ற பொருளில் வந்த 'அரை டன்' வண்டி என்னும் பழைய வழக்கையும் நம்ப வேண்டாம். இன்று அந்த வகை வண்டிகள் அரை டன்னுக்கு மேலேயே சுமக்கின்றன, அளவு வண்டிக்கு வண்டி வேறுபடுகிறது.

'ஜிவிடபிள்யூஆர்' என்பது வண்டியும் அதன்மேல் ஏறிய அனைத்தும் சேர்ந்த மொத்த எடை வரம்பு; 'ஜிசிடபிள்யூஆர்' என்பது இழுவண்டியையும் சேர்த்த கூட்டு எடை வரம்பு. 'ஜிஏடபிள்யூஆர்' என்னும் அச்சு எடை வரம்பைப் பலர் பார்ப்பதே இல்லை. சுழல்தட்டு பின் அச்சுக்கு நேர் மேலோ சற்று முன்னாலோ அமைவதால் முன்பாரம் பெரும்பாலும் அந்த ஓர் அச்சிலேயே விழுகிறது. பயணத்துக்கு நிரப்புவதையெல்லாம் நிரப்பியபின் எடைமேடையில் இழுவண்டியை மாட்டிய நிலையில் பிக்கப்பின் அச்சுகளை எடைபோட்டு, பின்னர் கழற்றிவிட்டு மறுபடியும் எடைபோட்டால் கிடைக்கும் வேறுபாடே உண்மையான முன்பாரம்.