கதை சொல்லாதீங்க, கை என்ன பண்ணுதுன்னு சொல்லுங்க

போன வாரம் கருத்து கேட்டு இன்னொரு கேம் ஐடியா வந்துச்சு. 42 பக்க பிடிஎஃப். ஏழு ராஜ்ஜியம், ஒவ்வொண்ணுக்கும் ஒரு கொடி, ஒரு சாபம், மூணு தலைமுறை வம்சாவளி, மேப் கூட கையால வரைஞ்சு ஸ்கேன் பண்ணி வெச்சிருக்கான் தம்பி, உழைப்புக்கு குறை சொல்லவே முடியாது. டீம்ல மொத்தம் ரெண்டு பேர், மூணு மாசத்துல ஒரு சின்ன கேம் முடிக்கணும். நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி: "ப்ளேயர் எந்த பட்டனை அழுத்துவாரு, அழுத்தினா என்ன ஆகும்?" கொஞ்ச நேரம் சத்தமே இல்ல, அப்புறம் "அது வந்து... ஆக்‌ஷன் அட்வென்ச்சர்ணா"ன்னான்.

இந்த வருஷம் மட்டும் இதே பதில் எத்தனாவது தடவைன்னு எண்றதையே விட்டுட்டேன். கேம் ஜாம்ல (சில நாளுக்குள்ள ஒரு கேம் பண்ணிப் பாக்குற கூட்டம்) மென்ட்டரா உக்காந்தா இது, மெயில்ல கருத்து கேட்டு வர்றதுலயும் இதுதான். அதான் மொத்தமா ஒரு தடவை எழுதி வெச்சிடலாம்னு, இனிமே கேக்குறவங்களுக்கு லிங்க்கை தூக்கிப் போட்டுட்டு என் வேலையப் பாப்பேன்.

முதல்ல இந்த என்டிஏ விஷயம், அதாவது கேட்டத வெளிய சொல்ல மாட்டேன்னு போடுற ஒப்பந்தம். "ஐடியா சொல்றேன், ஆனா கையெழுத்து போட்டுக் குடுங்க"ன்னு கேக்காதீங்க, ப்ளீஸ். உங்க ஐடியாவ திருட இங்க எவனுக்கும் நேரம் இல்ல, அவனவன் ஐடியாவ முடிக்கவே நாக்கு தள்ளுது. காப்பி அடிக்கிறதே நடக்காதுன்னு சொல்லல, நல்லாவே நடக்குது. த்ரீஸ்னு எண்களை நகர்த்திச் சேக்குற ஒரு கேம், ஒரு வருஷத்துக்கு மேல இழைச்சு இழைச்சு பண்ணி 2014 பிப்ரவரியில விட்டாங்க, அத பாத்து 1024 வந்துச்சு, அடுத்த மாசமே ஒரு பையன் ஒரு வீக்கெண்ட்ல 2048 பண்ணிப் போட்டான், உலகம் பூரா அதத்தான் விளையாடுச்சு. ஆனா கவனிங்க, காப்பி ஆனது ஒரு முடிஞ்ச கேம், எல்லாரும் விளையாடி ருசி கண்ட விதி. எவனும் டாக்குமென்ட்ட திருடல.

சரி, மெயின் விஷயத்துக்கு வர்றேன். எல்லாரும் ஐடியான்னு சொல்லி கொண்டு வர்றது ஒரு உலகம், ஒரு ஹீரோ, ஒரு சோகமான ஃப்ளாஷ்பேக். இல்லன்னா ரெண்டு விஷயத்த ஒட்டிக் குடுப்பாங்க: கார் ரேஸ் ப்ளஸ் ஜோம்பி, விவசாயம் ப்ளஸ் விண்வெளி. கேக்க ஜோரா இருக்கும். ஆனா இதெல்லாம் பெயர்ச்சொல். கேம் ஓடுறது வினைச்சொல்லுல. ரேஸ்ல ஜோம்பி குறுக்க வந்தா என்ன, மாடு குறுக்க வந்தா என்ன, ஸ்டியரிங்க அதே மாதிரி தானே திருப்பப் போறேன்? தோலை மாத்திட்டு புது மிருகம்னு சொல்ற கதை இது.

ஒரு சோதனை சொல்றேன், நான் எல்லா பிட்ச்சுக்கும் இதத்தான் பண்றேன். உங்க கான்செப்ட்ல இருக்குற எல்லா பேரையும் அழிங்க. ராஜா இல்ல, சிவப்பு சதுரம். டிராகன் இல்ல, பெரிய வட்டம். இப்ப அந்த சதுரமும் வட்டமும் திரையில என்ன பண்ணுது, என் விரல் என்ன பண்ணுது, எந்த எடத்துல நான் ஒரு செகண்ட் தயங்கி யோசிப்பேன்? இதுக்கு பதில் மிச்சம் இருந்தா உங்ககிட்ட கேம் இருக்கு. வெறும் காகிதம்தான் மிச்சம்னா, இருந்தது கதை. நல்ல கதையாக் கூட இருக்கலாம், நாவலா எழுதுங்க, நானே முதல் ஆளா படிக்கிறேன்.

உடனே ஒருத்தர் கெளம்பி வருவாரு, "அப்ப கதையுள்ள கேமே இல்லையா?"ன்னு. இருக்கு சார், நெறைய இருக்கு. லூகாஸ் போப் 2013ல விட்ட பேப்பர்ஸ், ப்ளீஸ் எடுத்துக்குங்க, எல்லைச் சாவடில உக்காந்திருக்குற ஒரு குமாஸ்தாவோட கதை, நெஞ்ச அறுக்கும். ஆனா உங்க கை அங்க பண்றது என்ன? பாஸ்போர்ட்ட விரிச்சு தேதி, பேரு, போட்டோ ஒத்துப் போகுதான்னு பாக்குறது, முத்திரை குத்துறது. தப்பா குத்தினா சம்பளத்துல கை வைப்பான், சம்பளம் குறைஞ்சா வீட்ல ஆளுக்கு மருந்து இல்ல. கதை முத்திரை வழியா உள்ள வருது. மேல ஊத்தின சட்னி இல்ல அது.

பேக்மேன் பண்ணின இவாடானி, "சாப்பிடு"ங்கிற வார்த்தைல இருந்துதான் யோசிக்க ஆரம்பிச்சதா அவரே பேட்டில சொல்லியிருக்காரு, வந்தது 1980. வினைச்சொல்லுங்க! டெட்ரிஸ் 1984. அத பண்ணின பஜித்னோவ் கையில இருந்தது அஞ்சு சதுரம் ஒட்டின 12 வடிவம் வெச்ச ஒரு பழைய புதிர், அத கம்ப்யூட்டர்ல கொண்டு வர்றப்ப நாலு சதுரமா குறைச்சாரு, 7 வடிவம் ஆச்சு, தலைக்குள்ள அடங்குச்சு. அவர் வேலை பாத்த மெஷின்ல கிராஃபிக்ஸே கிடையாது, அடைப்புக்குறியை வெச்சு கட்டம் வரைஞ்சிருக்காரு. அதுல ஹீரோ யாரு, வில்லன் யாரு, எந்த ராஜ்ஜியம்?

(சாட்பாட்கிட்ட 100 ஐடியா கேட்டு லிஸ்ட்டோட வர்றவங்களுக்கும் இதே பதில்தான். அதுவும் பெயர்ச்சொல்லாவே அடுக்கித் தரும். நினைவுகளை சேகரிக்கும் கலங்கரை விளக்கக் காவலர்னு ஒண்ணு, இந்த மாசம் மூணு பேர் தனித்தனியா கொண்டு வந்துட்டாங்க.)

அப்ப எப்படித்தான் யோசிக்கிறதுன்னா, தமிழ்ல வினைச்சொல்லுக்கா பஞ்சம்? ஒரு தாள்ல 30 எழுதுங்க. முதல்ல வர்ற ஓடு, குதி, சுடு, அடி எல்லாத்தையும் கோடு போட்டு அடிச்சிருங்க, அது எல்லாருக்கும் வரும். பத்துக்கு அப்புறம்தான் சரக்கு வரும். உலுக்கு. சலி. கோர். மடி. புரட்டு. துழாவு. இந்த துழாவுங்கிறது ஒண்ணையே பாருங்களேன், திரை மொத்தமும் இருட்டு, விரல் போற எடத்துல மட்டும் போன் லேசா அதிரும், பெட்டியா கதவா பாம்பான்னு அதிர்வோட தினுசுலதான் தெரியணும். வேலைக்கு ஆகுமான்னு தெரியாது, ஆனா சாயங்காலத்துக்குள்ள செஞ்சு பாத்துடலாம், அதான் முக்கியம்.

இன்னொரு வழி, எல்லாரும் கேள்வி கேக்காம ஏத்துக்கிட்ட ஒரு விதியத் தொடுறது. சுடுற கேம்ல நேரம் அது பாட்டுக்கு ஓடும்னு நாம யோசிக்கக்கூட மாட்டோம். நீ நகர்ந்தாத்தான் நேரமும் நகரும்னு மாத்தினாங்க, சூப்பர்ஹாட் வந்துச்சு, 2013ல ஏழு நாள் ஜாம்ல பொறந்தது, முழு கேமா வர 2016 ஆச்சு. இல்லன்னா ஒண்ண புடுங்கிப் போடுங்க. வாம்பயர் சர்வைவர்ஸ்ல தாக்குறதுக்குன்னு பட்டனே இல்ல, ஆயுதம் தானா வேலை செய்யும், நீங்க நடக்குறது மட்டும்தான்.

இப்ப நேர்ல நடந்த ஒண்ணு. ஒரு ஜாம்ல மூணு பேர் டீம், தபால்காரர் கேம்னு வந்தாங்க. தபால்காரருக்கு தொலைஞ்சு போன ஒரு மக, கடைசி லெவல்ல அவ கடுதாசி வரும்னு முடிவெல்லாம் ரெடி. நான் கேட்டேன், "அந்த வேலைல கஷ்டம் எது?" ஒருத்தன் சொன்னான், "பை, அடில இருக்குறத எடுக்க மேல இருக்குறதெல்லாம் எடுக்கணும்." அப்பாடான்னு இருந்துச்சு. தாள்ல ஆறுக்கு ஆறு கட்டம் போட்டோம், சட்டை பட்டன் வீடு, கலர் பேப்பர் துண்டு கடுதாசி. விதி: கடைசியா பையில போட்டதுதான் முதல்ல வெளிய வரும். விளையாடினா ரெண்டாவது ஆட்டத்துலயே போர். ஏன்னா எந்த வரிசைல எடுக்கணும்னு ஆரம்பத்துலயே கணக்கு போட்டுட்டா அப்புறம் வெறும் நடை. அப்ப ஃபேன் காத்துல ஒரு துண்டு பக்கத்து கட்டத்துக்கு பறந்து போச்சு, டீம்ல இருந்த பொண்ணு "ஐயோ கடுதாசி!"ன்னு கைய நீட்டி அமுக்கினா, எல்லாரும் சிரிச்சோம், சிரிச்ச அடுத்த நிமிஷம் அதையே விதியாக்கினோம். மேல இருக்குற கடுதாசிய ரோட்ல வெச்சிட்டு அடில இருக்குறத எடுக்கலாம், ஆனா நீங்க ஒரு அடி வெச்சா காத்து அத ஒரு கட்டம் தள்ளும். அவ்ளோதான், பேய் புடிச்ச மாதிரி விளையாட ஆரம்பிச்சாங்க. ஒவ்வொரு தடவையும் இப்ப கீழ வெக்கலாமா, வெச்சா திரும்பி வந்து புடிச்சிட முடியுமான்னு ஒரு தயக்கம். அந்த மக என்ன ஆனாள்னு அப்புறம் யாருமே கேக்கல.

இது அதிர்ஷ்டம்னு நெனைக்காதீங்க, கண்ணத் தொறந்து வெச்சிருந்தா இப்படித்தான் வரும். 1978ல ஸ்பேஸ் இன்வேடர்ஸ்ல ஏலியன்கள் செத்துக் குறையக் குறைய மிச்சம் இருக்குறது வேகமாகுமே, அது திட்டம் போட்டு வெச்சது இல்ல, வரைய வேண்டியது குறைஞ்சதால மெஷின் வேகமாச்சு. அந்த கேம பண்ணின நிஷிகாடோ அத "பிழை"ன்னு திருத்தாம அப்படியே விட்டாரு. ஆனா இந்த மாதிரி விபத்து நடக்கணும்னா ஏதாவது ஒண்ணு மேசை மேல ஓடிட்டு இருக்கணும்ல? 42 பக்கத்துல எங்கேர்ந்து காத்து அடிக்கும்?

இனி சுருக்கமா, கொஞ்சம் திட்டோட. முதல் நாளே காகிதத்துல விளையாடுங்க, காகிதத்துல முடியாத ஆக்‌ஷன் கேமா இருந்தா வெறும் சதுரத்த வெச்சு ஒரே நாள்ல விளையாடிப் பாக்குற மாதிரி ஒரு பில்ட் போடுங்க. கலர், லோகோ, தீம் மியூசிக் பக்கம் போனா கைய ஒடிப்பேன். ஆன்லைன் மல்டிபிளேயர் வேணாம், சத்தியமா வேணாம், ரெண்டு பேர் டீமுக்கு அது கேம் இல்ல, தண்டனை. குழுவா உக்காந்தா உடனே பேச ஆரம்பிக்காதீங்க, சத்தமா பேசறவன் ஐடியாதான் ஜெயிக்கும், பத்து நிமிஷம் வாய மூடி தனித்தனியா எழுதிட்டு அப்புறம் விரிங்க. அளவு ரொம்ப விரிஞ்சு போகுதுன்னா வேணும்னே கூண்டுக்குள்ள போங்க, குட்டி கேம் பண்ற பிக்கோ-8ங்கிற மென்பொருள் மாதிரி திரை 128க்கு 128 புள்ளி, 16 கலர்தான்னா ஏழு ராஜ்ஜியம் அதுவா கெளம்பிப் போயிரும். "இது ஏற்கனவே இருக்கே"ன்னு பாதில நிறுத்தாதீங்க, நோக்கியா 6110ல 1997ல எல்லாரும் பைத்தியமா விளையாடின பாம்பு கேமோட மூதாதை 1976லயே ஆர்கேட் மெஷின்ல ஓடிட்டு இருந்துச்சு.

முக்கியமா, ஒரே ஐடியாவ கட்டிக்கிட்டு அழாதீங்கப்பா. 2005ல கார்னகி மெலன்ல நாலு மாணவர்கள், ஒரு கேமுக்கு ஒரு ஆள், ஏழே நாள்னு விதி வெச்சு ஒரு செமஸ்டர்ல 50க்கு மேல பண்ணித் தள்ளினாங்க. அதுல ஒண்ணுதான் டவர் ஆஃப் கூ, அதுதான் பின்னாடி 2008ல வேர்ல்ட் ஆஃப் கூ ஆச்சு. மிச்சத்துல எத்தனை கேமோட பேரு உங்களுக்குத் தெரியும்? செஞ்சவங்களுக்கு அது ஒரு பிரச்சனையே இல்ல, அடுத்த வாரம் அடுத்தது.

அந்த 42 பக்கத் தம்பி நேத்து மறுபடி அனுப்பியிருந்தான். ஒன்பது செகண்ட் வீடியோ, சாம்பல் கலர் சதுரம் ஒண்ணு, தான் தொட்ட சுவரையெல்லாம் கூடவே இழுத்துட்டுப் போகுது, இழுக்க இழுக்க கனம் கூடுது. மூலைல திரும்புறப்ப சிக்கிக்குது. அத சரி பண்ணாதடா, சிக்குறப்ப என்ன ஆகுதுன்னு ரெண்டு பேர்கிட்ட குடுத்து விளையாட விட்டுட்டு சொல்லுன்னு பதில் போட்டிருக்கேன்.