ஏறும்போது ஆடாத ஏணி, மேலே போனதும் ஏன் சறுக்குகிறது?

பணியிடப் பாதுகாப்பு அலுவலர் என்பதால், யாராவது ஏணியிலிருந்து விழுந்தால் அந்த ஏணியைப் பார்க்க என்னைத்தான் கூப்பிடுவார்கள். பல நேரம் ஏணியில் ஒரு குறையும் இருக்காது. விழுந்தவர் சொல்வதும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும்: "ஏறும்போது ஆடவே இல்லை சார், மேலே போய் வேலையை ஆரம்பித்ததும் சறுக்கிவிட்டது."

அவர் சொல்வது உண்மைதான். கீழ்ப்படிகளில் நிற்கும்வரை ஏணியின் தலை சுவரை அதிகம் அழுத்தாது. மேலே போகப் போக அந்த அழுத்தம் கூடும். கூடுகிற அளவுக்கு ஏணியின் அடி வெளிப்பக்கம் தள்ளப்படும். தரையின் பிடிப்பு தாங்கும்வரை தாங்கும், அப்புறம் ஒரே இழுப்புதான். ஆகவே இரண்டு படி ஏறி ஆட்டிப் பார்த்துவிட்டு "சரி, நிற்கிறது" என்று முடிவு கட்டுவது ஒரு சோதனையே அல்ல.

சாய்வுதான் முதலில் சரியாக இருக்க வேண்டும். ஏணியின் தலை 4 மீட்டர் உயரத்தில் சுவரைத் தொட்டால், அடி சுவரிலிருந்து 1 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். கிட்டத்தட்ட 75 பாகை. டேப் தேவையில்லை. ஏணிக்கால்களைக் கால் விரல்கள் தொடும்படி நிமிர்ந்து நின்று, தோள் உயரத்தில் கைகளை நேராக நீட்டுங்கள். உள்ளங்கை படியில் போய்ப் படிந்தால் சரி. முழங்கை மடங்கினால் ஏணி செங்குத்தாக நிற்கிறது, பின்பக்கம் சாயக்கூடும். எட்டவே இல்லையென்றால் அதிகம் படுத்திருக்கிறது, அடி சறுக்கும்.

தரை ஈரமா, மணலா, டைல்ஸா என்பதையும், கால்களின் ரப்பர் தேய்ந்திருக்கிறதா என்பதையும் குனிந்து பாருங்கள். ஒரு கால் எட்டவில்லை என்று செங்கல்லை முட்டுக் கொடுப்பது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காத வேலை.

"கீழே ஆள் பிடித்துக்கொண்டிருக்கிறாரே" என்பார்கள். தலைப்பக்கம் பக்கவாட்டில் நகர ஆரம்பித்தால் கீழே நிற்பவரால் அதை நிறுத்த முடியாது. சிறிது நேரத்தில் அவர் கண் செல்போனுக்குப் போய்விடும் என்பது வேறு விஷயம். தலையைக் கட்டிவிடுவதுதான் வழி. ஆள் பிடிப்பது கட்டி முடிக்கும்வரைதான். கூரைக்கோ மொட்டைமாடிக்கோ போவதானால், ஏணி விளிம்புக்கு மேல் 1 மீட்டராவது நீண்டிருக்க வேண்டும். இல்லையென்றால் இறங்கும்போது பிடித்துக்கொள்ள ஒன்றும் இருக்காது.

மேலே போனபிறகு வருகிற ஆபத்து, எட்டிப் பிடிப்பது. "இன்னும் ஒரு சாண்தான்" என்று சாய்வார்கள். உங்கள் பெல்ட்டின் பக்கிள் ஏணியின் இரண்டு கால்களுக்கு நடுவிலேயே இருக்க வேண்டும். அதைத் தாண்டினால் இறங்கி ஏணியை நகர்த்துங்கள். ஏறி இறங்கும்போது இரண்டு கையும் படிக்கு. சாமானைக் கயிற்றில் கட்டி இழுத்துக்கொள்ளலாம்.

மடக்கு ஏணியை மடக்கியபடியே சுவரில் சாத்தி ஏறுகிறார்களே, அது வேண்டாம். அதன் கால்கள் விரித்து நிறுத்துவதற்காகச் செய்யப்பட்டவை. சாத்தினால் முழுக்காலும் தரையில் படியாது. விரித்துப் பூட்டியபிறகும் உச்சித் தட்டில் நிற்கக் கூடாது.

மின்கம்பி பக்கத்தில் இருந்தால் அலுமினிய ஏணியை எடுக்கவே எடுக்காதீர்கள். ஃபைபர் ஏணியும் நனைந்து சேறு படிந்தால் நம்பத்தக்கதல்ல, மரமும் அப்படியே. கம்பிக்கும் உங்களுக்கும் இடையே குறைந்தது 3 மீட்டர். உயரழுத்தக் கம்பி என்றால் இன்னும் அதிகம். ஏணியை நிமிர்த்தும்போதும், நிமிர்ந்த ஏணியை அப்படியே தூக்கி நகர்த்தும்போதும் கண் கால் வைக்கிற இடத்தில் இருக்கும், கம்பி தலைக்கு மேல் இருக்கும். இழுத்து நீட்டுகிற ஏணியானால், நீட்டிய பகுதியை முழுக்க இறக்கிய பிறகே நகர்த்துங்கள்.

மர ஏணிக்குப் பெயின்ட் அடிக்கச் சொல்லிக் கேட்டால் நான் ஒத்துக்கொள்வதில்லை. விரிசல் பெயின்ட்டுக்குள் மறைந்துவிடும். மரம் தெரிகிற வார்னிஷ் அடிக்கலாம். படி உடைந்ததை ஆணியடித்து ஒப்பேற்றாமல் ஒதுக்கிவிடுங்கள். ஒதுக்கியதை மூலையில் சாத்தியும் வைக்க வேண்டாம், அவசரத்தில் யாராவது எடுத்துக்கொண்டு போய்விடுவார். நான் இரண்டாக அறுத்துப் போடச் சொல்லிவிடுவேன்.