எல்லா டிரம்மையும் திறங்கள்

ஆப்பிரிக்காவில் வல்லரசுகளின் செல்வாக்கு என்றதும் சீனா போட்ட ரயில்பாதையையும் கொடுத்த கடனையும்தான் பேசுவோம். இந்தியா அங்கே பேர் வாங்கியது பெரும்பாலும் மருந்தால். மருந்துத் தரக்கட்டுப்பாட்டில் பல வருடம் வேலை பார்த்தவன் என்பதால் அதைப் பற்றி எழுதுகிறேன்.

2001-இல் சிப்லா என்ற இந்திய மருந்து நிறுவனம் எய்ட்ஸ் கூட்டு மருந்தை ஒருவருக்கு ஆண்டுக்கு 350 டாலர் விலையில் தர முன்வந்தது. அதுவரை 10,000 டாலருக்கும் மேல். எத்தனையோ உயிர் பிழைத்தது.

அப்படிச் சேர்த்த நம்பிக்கை 2022-இல் மேற்கு ஆப்பிரிக்க நாடான காம்பியாவில் உடைந்தது. ஹரியானாவில் தயாரான நான்கு சிரப்புகளில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற விஷம் கலந்திருப்பதாக உலக சுகாதார நிறுவனம் எச்சரித்தது. சிறுநீரகம் செயலிழந்து சுமார் 70 குழந்தைகள் இறந்திருந்தார்கள். நம் அரசோ தான் சோதித்த மாதிரிகளில் நச்சு இல்லை என்றது. காம்பியாவில் சொந்தமாக ஒரு மருந்துப் பரிசோதனைக் கூடம்கூட அப்போது கிடையாது. பெரிய நாடு மறுத்தால் அவர்கள் எதை வைத்து வாதாடுவார்கள்?

சிரப்பில் மருந்தைக் கரைக்கப் புரோப்பிலீன் கிளைக்கால் சேர்ப்போம். டைஎத்திலீன் கிளைக்கால் விஷமும் பார்க்க அதே மாதிரிதான், நிறமில்லாமல் கொழகொழவென்று இருக்கும். விலையும் குறைவு. அந்த விஷம் 0.1 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது. ஒருமுறை புரோப்பிலீன் கிளைக்கால் இருபது டிரம் வந்து இறங்கின. ஒன்றில் லேபிள் ஓரம் பிரிந்திருந்தது. விரலால் தூக்கிப் பார்த்தால் அடியில் இன்னொரு லேபிள், வேறு லாட் நம்பர், அதாவது வேறு தயாரிப்புத் தொகுதியின் எண். "சர்டிபிகேட் இருக்கே சார், ஒண்ணுல சாம்பிள் எடுத்தா போதாதா?" என்றார் ஸ்டோர்காரர். இருபதையும் திறக்கச் சொன்னேன். அன்று உற்பத்தி நின்றது, மேலிடத்தில் திட்டும் விழுந்தது. அந்த டிரம்மைத் திருப்பி அனுப்பிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன்.

2023 ஜூன் முதல் ஏற்றுமதியாகும் இருமல் சிரப்புக்கு அரசு ஆய்வகச் சான்றைக் கட்டாயமாக்கினார்கள். சரி, உள்ளூரில் விற்பதற்கு? 2025-இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் குழந்தைகள் இறந்தார்கள். அவர்கள் குடித்த சிரப் நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. அதில் டைஎத்திலீன் கிளைக்கால் 48.6 சதவீதம். காம்பியாவுக்கு அனுப்பும் பாட்டிலும் நம் தெருக்கடைப் பாட்டிலும் ஒரே பரிசோதனையைத் தாண்டி வர வேண்டும்.

பெற்றோருக்கு ஒன்று. சிரப் கொடுத்த பிறகு குழந்தை வாந்தி எடுத்தாலோ, சிறுநீர் கழிப்பது குறைந்தாலோ உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள். பாட்டிலையும் கையோடு எடுத்துப் போங்கள். அதே பேட்ச் வேறு எந்த வீட்டில் இருக்கிறது என்று தேட பாட்டிலில் உள்ள பேட்ச் நம்பர் வேண்டும்.