நாகமும் கட்டுவிரியனும் பூச்சிமருந்தும் தாக்கும் ஒரே இடம்

நல்ல பாம்பு கடித்தாலும் கட்டுவிரியன் கடித்தாலும், நரம்பு பாதிக்கப்பட்டதை முதலில் காட்டிக்கொடுப்பது கண் இமைதான். தானாகச் சரியும், எவ்வளவு முயன்றாலும் தூக்க முடியாது. அடுத்து ஒரு பொருள் இரண்டாகத் தெரியும், எச்சில் விழுங்க முடியாது, கழுத்து நிற்காது, கடைசியில் மூச்சு நின்றுபோகும். இத்தனைக்கும் மூளை விழிப்பாகவே இருக்கிறது. நரம்பின் வழியே கட்டளை ஒழுங்காக இறங்கி வருகிறது. தசையிலும் வலு குறையவில்லை. கெட்டுப்போனது நரம்பும் தசையும் சந்திக்கிற இடம்.

சந்திக்கிற இடம் என்றாலும் இரண்டும் தொட்டுக்கொள்வதில்லை. நடுவில் சுமார் 50 நானோமீட்டர் இடைவெளி உண்டு. தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. இடுப்புப் பகுதியில் தண்டுவடத்திலிருந்து கிளம்பும் மின் துடிப்பு வினாடிக்கு ஏறத்தாழ 50 மீட்டர் வேகத்தில் ஓடி, 20 மில்லிவினாடியில் பாதத்துக்கு வந்துவிடும். ஆனால் இந்த இடைவெளியை அதனால் தாண்ட முடியாது. இங்கிருந்து செய்தியைச் சுமப்பது ஒரு வேதிப்பொருள்: அசிட்டைல்கோலின். நரம்பு வேதிப்பொருளால் பேசுகிறது என்பதை 1921-இல் ஓட்டோ லோவி தவளை இதயங்களைக் கொண்டு காட்டினார். ஒரு இதயத்தின் நரம்பைத் தூண்டித் துடிப்பைக் குறைத்து, அதிலிருந்த திரவத்தை இன்னொரு இதயத்தில் விட்டார். அதுவும் மெதுவாகத் துடித்தது. லோவியும், அசிட்டைல்கோலினை ஆராய்ந்த ஹென்றி டேலும் 1936-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

நரம்பு முனைக்குள் அசிட்டைல்கோலின் நிரம்பிய நுண்ணிய பைகள் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஆயிரக்கணக்கான மூலக்கூறுகள். மின் துடிப்பு வந்ததும் முனையிலுள்ள கால்சியம் வாயில்கள் திறக்கும். உள்ளே பாயும் கால்சியம், பல பைகளை ஒரே நேரத்தில் சவ்வோடு ஒட்டச் செய்து உடைக்கும். கட்டளை எதுவும் வராதபோதும் அவ்வப்போது ஒரு பை தானாக உடைந்து, தசையில் அரை மில்லிவோல்ட் அளவுக்கு ஒரு சின்ன அதிர்வைத் தரும். இந்த அற்ப அதிர்வுகளைக் கவனித்துத்தான், அசிட்டைல்கோலின் சொட்டுச்சொட்டாகக் கசியாமல் பொட்டலம் பொட்டலமாக வெளிவருகிறது என்று பெர்னார்ட் காட்ஸ் கண்டுபிடித்தார். 1970-இல் நோபல் பரிசு பெற்றவர்களில் அவரும் ஒருவர்.

எதிர்க்கரையில், தசையின் சவ்வில், செய்தியை வாங்கிக்கொள்ளும் புரதங்களான ஏற்பிகள் நெருக்கமாக நிற்கின்றன. ஓர் ஏற்பியில் இரண்டு அசிட்டைல்கோலின் மூலக்கூறுகள் உட்கார்ந்தால்தான் அது திறக்கும். திறந்ததும் சோடியம் உள்ளே பாய்ந்து, −90 மில்லிவோல்ட்டில் ஓய்ந்திருந்த தசைநார் துள்ளிச் சுருங்கும். வேலை முடிந்த அசிட்டைல்கோலினை அங்கேயே விட்டுவைத்தால் அடுத்த கட்டளைக்கு இடமிருக்காது. ஆகவே இடைவெளியிலேயே தங்கியிருக்கும் அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் என்ற நொதி அதை உடனே வெட்டிப் போடும். எல்லாம் சில மில்லிவினாடிகளில் முடிந்துவிடும்.

இந்த அமைப்பில் கையிருப்பு தாராளம். ஏறக்குறைய முக்கால்வாசி ஏற்பிகள் அடைபட்ட பிறகுதான் பெரும்பாலான தசைகளில் தளர்ச்சி வெளியே தெரியும். கண் இமையையும் விழியையும் அசைக்கும் தசைகள் ஓய்வில்லாமல் வேலை செய்பவை, கையிருப்பு குறைந்தவை. அதனால் முதலில் விழுகின்றன. மூச்சை இழுக்கும் உதரவிதானம் கடைசிவரை தாக்குப்பிடிக்கும். இதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. மூச்சு நன்றாக இருக்கிறதே என்று நம்பி உட்கார்ந்திருந்தால், தளர்ச்சி தெரியத் தொடங்கும்போது கையிருப்பு முழுக்கக் கரைந்திருக்கும். எனவே மருத்துவர்கள் ஒரே மூச்சில் எத்தனை வரை எண்ண முடிகிறது என்று திரும்பத் திரும்பச் சோதிப்பார்கள். ஆரோக்கியமானவர் 30-ஐத் தாண்டிவிடுவார். எண்ணிக்கை இறங்கிக்கொண்டே வந்தால் செயற்கைச் சுவாசக் கருவி பக்கத்தில் தயாராக இருக்க வேண்டும்.

நல்ல பாம்பின் நஞ்சு தாக்குவது தசைப் பக்கத்தை. ஏற்பியில் அசிட்டைல்கோலின் உட்காரும் இடத்தில் அது போய் உட்கார்ந்துகொள்கிறது. பைகள் உடைகின்றன, செய்தி வருகிறது, வாங்கிக்கொள்ள ஆளில்லை. கடித்த இடம் வீங்கி வலிக்கும். சதை அழுகுவதும் உண்டு. இங்கே போட்டி என்ற ஒன்று இருப்பதால் வைத்தியத்துக்கு இன்னொரு வழியும் திறக்கிறது. வெட்டிப்போடும் நொதியைத் தற்காலிகமாகத் தடுத்தால் அசிட்டைல்கோலின் பெருகும், காலியாக உள்ள ஏற்பிகளைப் பிடித்துக்கொள்ளும். நியோஸ்டிக்மின் ஊசி செய்வது இதைத்தான்: ஒரு கிலோ உடல் எடைக்கு 0.02 மில்லிகிராம். அதற்கு முன் பெரியவர்களுக்கு 0.6 மில்லிகிராம் அட்ரோபின் கொடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் இதயத் துடிப்பு குறைந்து, எச்சிலும் சளியும் பெருகும். மருந்து கேட்கிற உடம்பாக இருந்தால் சரிந்த இமை அரை மணி நேரத்துக்குள் மேலே ஏறுவதைக் கண்ணால் பார்க்கலாம். இந்த யோசனை பாம்புக்கடியிலிருந்து வந்ததில்லை. தன் உடலின் எதிர்ப்புப் புரதங்களே ஏற்பிகளைத் தாக்கும் மயஸ்தீனியா நோய்க்கு, இதே வகையைச் சேர்ந்த பைசோஸ்டிக்மினை 1934-இல் லண்டனில் மேரி வாக்கர் கொடுத்துப் பார்த்தார். அந்த நோய், ஏற்பிகளை அடைக்கும் க்யூராரே என்ற தாவர நஞ்சு ஏறியவரின் நிலையை ஒத்திருக்கிறது என்று அவருக்குத் தோன்றியதே காரணம்.

கட்டுவிரியன் வேறு ரகம். அதன் நஞ்சு நரம்பு முனைக்குள்ளேயே கைவைக்கிறது. பைகள் தீர்ந்துபோகின்றன, முனையே சிதைகிறது. அனுப்ப எதுவும் இல்லாத இடத்தில் நியோஸ்டிக்மின் எதைப் பெருக்கும்? பெரும்பாலும் பலன் இருக்காது. விஷ முறிவு ஊசியும் ரத்தத்தில் சுற்றும் நஞ்சைத்தான் பிடிக்கும், ஏற்கெனவே சிதைந்த முனையைச் சரிசெய்யாது. முனை மறுபடி வளர நாட்களோ வாரங்களோ ஆகும். அதுவரை கருவிதான் மூச்சு விட வேண்டும். போதாததற்கு இந்தப் பாம்பு இரவில் தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். வலி, வீக்கம், பல் தடம் எதுவும் தெரியாமல் போகலாம். விடிகாலையில் வயிற்று வலி, பிறகு சரியும் இமை என்றால் கட்டுவிரியனைச் சந்தேகித்தே ஆக வேண்டும். முழுத் தளர்ச்சியில் கண்மணி விரிந்து, வெளிச்சம் பட்டாலும் சுருங்காமல் நிற்கும். அதைப் பார்த்து மூளைச்சாவு என்று முடிவுகட்டிவிடக் கூடாது. சுற்றியிருப்பவர்கள் பேசுவதையெல்லாம் படுத்திருப்பவர் கேட்டுக்கொண்டிருக்கக்கூடும்.

இரண்டுக்கும் போடுவது ஒரே விஷ முறிவு மருந்துதான். நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கின் நஞ்சையும் குதிரைக்குச் சிறிது சிறிதாகச் செலுத்தி எடுப்பது. இதன் ஒரு மில்லிலிட்டர் நாகத்தின் நஞ்சில் 0.6 மில்லிகிராமையும், கட்டுவிரியன் நஞ்சில் 0.45 மில்லிகிராமையும் முறிக்கும். இதற்கான நஞ்சைச் சேகரித்துத் தருவதில் 1978-இல் தொடங்கிய வடநெம்மேலி இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. முதலுதவியில் செய்ய வேண்டியவை குறைவு: கடிபட்ட கை காலை அசைக்காமல் வைத்து, விழுங்க முடியாமல் இருப்பவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, 108-ஐ அழைக்க வேண்டும். இறுக்கிக் கட்டுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது மூன்றும் கெடுதல்.

இதே சந்திப்பைத் தாக்கும் ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்து, வெட்டிப்போடும் நொதியைக் கெடுக்கிறது. நியோஸ்டிக்மின் செய்வதும் அதுதானே என்று கேட்கலாம். நியோஸ்டிக்மின் சில மணி நேரத்தில் விலகிவிடும். பூச்சிமருந்து விலகுவதில்லை, நேரம் போகப்போகப் பிணைப்பு நிரந்தரமாகிவிடும், சில பூச்சிமருந்துகளில் சில மணி நேரத்திலேயே. அசிட்டைல்கோலின் தேங்கி, தசைகள் முதலில் தோலுக்கடியில் புழு நெளிவதுபோல் துடிக்கும், பிறகு ஓயாத தூண்டலில் செயலிழக்கும். அசிட்டைல்கோலினுக்கு வேறு உறுப்புகளிலும் வேலை இருப்பதால் எச்சில், கண்ணீர், நுரையீரலில் நீர், ஊசிமுனை போன்ற கண்மணி, மெதுவான இதயத் துடிப்பு எல்லாம் சேர்ந்து வரும். அந்த உறுப்புகளில் அசிட்டைல்கோலினைத் தடுக்கும் அட்ரோபினை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாக்கிக்கொண்டே போய், நெஞ்சில் கரகரப்பு அடங்கி, இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 80-ஐத் தாண்டும்வரை கொடுப்பார்கள். கண்மணி விரிந்ததா என்பதை மட்டும் அளவுகோலாக வைப்பது தவறு. தசையிலுள்ள ஏற்பிகள் வேறு வகை என்பதால் அட்ரோபின் அவற்றைத் தொடாது.

எனவே கண்டம் தாண்டிவிட்டதாகத் தோன்றும் நேரமே கவனமாக இருக்க வேண்டிய நேரம். எச்சில் அடங்கி, நினைவு தெளிந்து, வீட்டுக்கு எப்போது அனுப்புவீர்கள் என்று கேட்கிறவருக்கே 24 முதல் 96 மணி நேரத்துக்குள் மூச்சுத் தசைகள் தளரலாம். இலங்கையில் நிமல் சேனாநாயக்கவும் லக்ஷ்மன் கரல்லியத்தவும் 1987-இல் இதை விவரித்தார்கள். முதல் அடையாளம் கழுத்தில் தெரியும். மல்லாந்து படுத்தவரிடம் தலையணையிலிருந்து தலையைத் தூக்கச் சொன்னால் முடியாது. இந்தச் சோதனைக்குக் கருவி எதுவும் வேண்டாம். நான்கு நாட்களும் சில மணி நேரத்துக்கு ஒருமுறை செய்துகொண்டே இருக்க வேண்டும்.